பயம் வந்து சேரவில்லை

படம் முடிந்ததும் 'உங்கள் கருத்து என்ன?' என்று டிவி கேட்டது. கணேசமூர்த்தியை அதற்கு முன் யாரும் அப்படிக் கேட்டதில்லை. பொம்மனஹள்ளியில் அவர் கணக்கு எழுதும் லாரி ஆபீஸில் கருத்து என்பது முதலாளி மட்டும் வைத்துக்கொள்ளக் கூடிய பொருள். வீட்டில் அது மனைவி தமயந்தியின் பொறுப்பில் இருந்தது. கேட்டது வெறும் டிவிதான் என்றாலும், கேட்ட மரியாதைக்காவது பதில் சொல்லியாக வேண்டும் என்று அவருக்குப் பட்டது.

படத்தின் பெயர் 'மம்மிமலை மர்மம்'. 'பார்த்தாச்சு' என்ற செயலி தன் சொந்தச் செலவில், அதாவது மிகக் குறைந்த செலவில், எடுத்த திகில் சாகசப் படம். எகிப்துக்குப் புதையல் தேடிப் போகிற ஒரு குழுவை, மூவாயிரம் வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்த மம்மி ஒன்று எழுந்து வந்து ஒவ்வொருவராகக் கழுத்தை நெரிக்கிறது. எகிப்து அத்திபெலேக்குப் பக்கத்தில் ஒரு கல்குவாரியில் இருந்தது. காற்றடித்தபோதெல்லாம் பிரமிடு லேசாக மூச்சு விட்டது. ஒட்டகம் ஒன்றுதான். போகும்போது ஒரு ஒட்டகமாகவும் வரும்போது வேறு ஒட்டகமாகவும் அது நடித்திருந்தது. பாலைவனத்தின் ஓரத்தில் ஒரு ஜல்லி லாரி போயிற்று. படத்தில் இயல்பாக நடித்தது அந்த லாரிதான் என்று கணேசமூர்த்தி நினைத்தார்.

ஆனால் நடுவில் ஒரு காட்சி வந்தது. கதாநாயகியைத் துரத்திக்கொண்டு மம்மி குகைக்குள் ஓடுகிறது. கீழே கிடக்கும் சாபப் புத்தகத்தின் மேல் அதன் கால் பட்டுவிடுகிறது. உடனே மம்மி நிற்கிறது. குனிந்து புத்தகத்தைத் தொட்டு, இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டு, கடைசியில் வலது காது மடலையும் ஒரு தடவை தொட்டுக்கொண்டு, பிறகு கழுத்தை நெரிக்கக் கிளம்புகிறது. எல்லாம் ஒரு நொடிதான். எடுத்தவர்களோ வெட்டி ஒட்டியவர்களோ அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

கணேசமூர்த்தி ரிமோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினார். 'படம் பரவாயில்லை. பயம் வரவில்லை. ஆனால் புத்தகத்தில் கால் பட்டதும் மம்மி தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. அந்த இடம் மிகவும் பிடித்தது. உள்ளே இருந்தவர் நல்ல மனிதராக இருக்க வேண்டும். இப்படிக்கு, கணேசமூர்த்தி, ஸ்ரீ அங்காளம்மன் டிரான்ஸ்போர்ட், பொம்மனஹள்ளி.' எதை எழுதினாலும் பெயரும் ஆபீஸும் போட்டு முடிப்பது அவர் வழக்கம். மூன்று நட்சத்திரம் கொடுத்தார்.

அவருக்கு முன்னால் ஆயிரக்கணக்கானவர்கள் கருத்துச் சொல்லியிருந்தார்கள். அத்தனை பேரும் ஒரே வாக்கியத்தில் பயந்திருந்தார்கள்.

மறுநாள் காலை ஆபீஸில் இருக்கும்போது போன் வந்தது.

"கணேசமூர்த்தி சாரா? 'பார்த்தாச்சு' கருத்துத் தீர்வுத் துறையில இருந்து கிருத்திகா பேசறேன் சார். உங்களுக்குப் பயம் வந்து சேரலைன்னு கம்ப்ளைண்ட் குடுத்திருக்கீங்க."

"கம்ப்ளைண்ட் இல்லம்மா. கருத்துக் கேட்டீங்க, சொன்னேன்."

"கருத்துன்னு எங்ககிட்ட தனியா எதுவும் இல்ல சார். எல்லாமே கம்ப்ளைண்ட்தான். தீர்த்து வெச்சாதான் குளோஸ் ஆகும்."

இந்தத் துறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 'பார்த்தாச்சு' நிறுவனம் சினிமாவுக்கு வருவதற்கு முன்னால் காய்கறியை வீட்டுக்கு வீடு அனுப்பிக்கொண்டிருந்தது. தக்காளியில் நஷ்டம் வந்ததும் கலைக்கு வந்தார்கள். ஆட்கள் அதே ஆட்கள், மென்பொருளும் அதேதான். அந்த மென்பொருளில் வாடிக்கையாளர் மூன்றே விஷயங்களைச் சொல்ல முடியும்: பொருள் வந்து சேரவில்லை, பொருள் நசுங்கி வந்தது, கேட்காத பொருள் வந்தது. உலகத்தில் மனிதர்கள் இதுவரை சொன்ன எல்லாக் கருத்தையும் இந்த மூன்றில் அடக்கிவிடலாம் என்பது துறையின் நம்பிக்கை.

கணேசமூர்த்தியின் கருத்தை மென்பொருள் இரண்டாகப் பிரித்திருந்தது. பயம்: வந்து சேரவில்லை. மம்மியிடம் மரியாதை: கேட்காத பொருள்.

"ஒண்ணும் பிரச்சனை இல்ல சார்," என்றாள் கிருத்திகா. "பயந்துட்டேன்னு மாத்தி எழுதிடுங்க. ரெண்டும் சேர்ந்து குளோஸ் ஆயிடும்."

"பயப்படலையேம்மா. எப்படி எழுதறது?"

"எல்லாரும் எழுதறாங்களே சார்."

வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போன கருத்து. அதை மறுநாளே மாற்றிக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. முடியாது என்றார். போனின் அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"சரி சார். அப்போ பயத்தை மறுபடி அனுப்பி வெக்கறோம்."

புதன்கிழமை ஒரு கறுப்பு அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே ஒரு மெழுகுவத்தி, காயத்துக்குக் கட்டுப்போடும் காஸ் துணியில் ஒரு பெரிய சுருள், 'வீட்டிலிருந்தே பயப்படுவது எப்படி?' என்ற சிறு புத்தகம். விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்கவும், சாப்பிட்ட உடனே பார்க்க வேண்டாம், மனைவியின் கையைப் பிடித்துக்கொள்வது கட்டாயமில்லை என்றெல்லாம் அதில் போட்டிருந்தது. அவர் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். பிரமிடு இருட்டிலும் மூச்சு விட்டது. தமயந்தி காஸ் துணியை வெந்நீரில் அலசிக் காயப்போட்டு மறுநாள் இட்லித் தட்டில் விரித்தாள். இட்லி ஒட்டாமல் வந்தது.

"இந்தத் துணி நல்லா இருக்கு. இன்னொண்ணு அனுப்புவாங்களான்னு கேளுங்க," என்றாள்.

அவர் அதைக் கிருத்திகாவிடம் சொன்னார். பெட்டியிலிருந்த பயம் வேலை செய்யவில்லை என்று அவள் எழுதிக்கொண்டாள். விவகாரம் இரண்டாம் நிலைக்கு உயர்ந்தது. இரண்டாம் நிலை என்றால் பயத்தை ஆள் மூலமாக வீட்டுக்கே கொடுத்தனுப்புவது.

சனிக்கிழமை மத்தியானம் வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்த தமயந்தி உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"என்னங்க, யாரோ ஆக்சிடெண்ட் ஆனவரு வந்திருக்காரு."

உச்சி முதல் உள்ளங்கால் வரை கட்டுப்போட்ட ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கட்டுக்கு மேல் ஹெல்மெட். பைக் டாக்ஸியில் வந்திருக்கிறார். சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் வெகு நேரம் நின்றதில் முழங்கையில் கட்டு அவிழ்ந்து புகையில் கறுத்திருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றி ஷூ ஸ்டாண்டின் மேல் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, தொண்டையிலிருந்து ஒரு சத்தம் எழுப்பினார்.

"உட்காருங்க மொதல்ல," என்று தமயந்தி நாற்காலியை இழுத்துப் போட்டாள். "இந்த வெயில்ல எதுக்கு இப்படி? தண்ணி குடிக்கிறீங்களா?"

வாயைச் சுற்றிக் கட்டு இருந்ததால் அவரால் குடிக்க முடியவில்லை. மகள் தர்ஷினி ஒரு ஸ்ட்ராவைக் கொண்டு வந்து கட்டுக்கு இடையில் வழி பார்த்துச் செருகினாள். பிறகு அவரோடு நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டாள். தண்ணீர் முழுவதையும் குடித்து முடித்துவிட்டு அவர் கணேசமூர்த்தியைப் பார்த்தார்.

"ஓ.டி.பி. சொல்லுங்க சார்."

"எதுக்கு?"

"பயந்ததும் உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும் சார். அதைச் சொன்னாதான் டெலிவரி ஆன மாதிரி. ஸ்கூட்டர்ல தக்காளி கொண்டு வந்தப்பவும் இதே சிஸ்டம்தான்."

நம்பர் வந்திருந்தது. ஆனால் பயம் வரவில்லையே, நம்பரை எப்படிச் சொல்வது என்று கணேசமூர்த்தி கேட்டார். வந்தவர் வாதாடவில்லை. இன்னும் இரண்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார். 'விநியோகிக்க முயன்றோம், வாடிக்கையாளர் பயப்படவில்லை' என்று சாயங்காலம் ஒரு செய்தி வந்தது.

விவகாரம் மூன்றாம் நிலைக்குப் போயிற்று.

அதுவரை இது கணேசமூர்த்திக்கு ஒரு தலைவலி, தமயந்திக்கு ஒரு இட்லித் துணி, அவ்வளவுதான். திங்கட்கிழமை அது வேறு மாதிரி ஆயிற்று. அன்று லாரி ஆபீஸ் வாசலில் உயரமாக, ஒல்லியாக ஒரு மனிதர் வந்து நின்றார். உள்ளே கால் வைக்கும்போது தரையில் கட்டி வைத்திருந்த பழைய ரசீதுக் கட்டு ஒன்று அவர் பாதத்தில் பட்டது. நின்றார். குனிந்து அதைத் தொட்டு, இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டு, கடைசியில் வலது காது மடலைத் தொட்டுக்கொண்டார்.

கணேசமூர்த்தி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "மம்மி நீங்களா?"

"ஆமா சார். அப்பாதுரை. லிங்கராஜபுரம்." மனிதர் கையெடுத்துக் கும்பிட்டார். "ஷாமியானா கட்டற வேலை. நீங்க எழுதினத எங்க ஓனர் படிச்சுக் காமிச்சாரு. உள்ள இருந்தவரு நல்ல மனுஷன்னு போட்டிருந்தீங்க. அட்ரஸும் போட்டிருந்தீங்களா, வந்துட்டேன்."

டீ வரவழைத்துக் கொடுத்ததும் அப்பாதுரை விஷயத்தைச் சொன்னார். ஷூட்டிங்குக்குப் பந்தல் போடப் போனவரை, உயரத்தைப் பார்த்து மம்மியாக்கியிருக்கிறார்கள். இரண்டு வாரம் அத்திபெலே குவாரியிலேயே கிடந்தார். அந்தச் சமயத்தில்தான் அவர் மனைவி சந்திரம்மாவின் அக்கா மகளுக்குத் தங்கவயலில் கல்யாணம். போக முடியவில்லை. சினிமாவில் நடிக்கிறேன் என்று போனில் சொல்லியிருக்கிறார். படம் வந்தபோது விளம்பரத்தில் 'முழுக்க முழுக்கக் கணினியில் உருவான மம்மி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பெயர் ஓடும் இடத்தில் அவர் பெயர் இல்லை.

"கம்ப்யூட்டர் நடிச்சுதாம், நீ எங்க போய் யார் கூட இருந்தேன்னு கேட்டா சார். கேட்டுட்டு அக்கா வூட்டுக்குப் போயிட்டா. மூணு மாசமாச்சு, போனை எடுக்கறதில்ல." அவர் டீ கிளாஸை மேஜையின் ஓரத்தில் வைத்தார். "மூஞ்சி தெரியாது, குரல் கிடையாது. நான்தான்னு எப்டி சொல்றது? நீங்க எழுதினத கேட்டப்புறம்தான் அந்த இடம் படத்துல இருக்குதுன்னே எனக்குத் தெரியும். எங்க வூட்ல அதைப் பாத்தா சொல்லிடுவா சார். வர்ற ஞாயித்துக்கிழம வரேன்னு சொல்லி அனுப்பியிருக்கா. படத்துலயே காட்டு, நம்பறேன். போன்ல கீன்ல எடுத்துக் காட்டாதே, அதுல கழுதயைக்கூட பறக்க விடுவானுங்கன்றா."

கணேசமூர்த்திக்கு மனம் நிறைந்துபோயிற்று. தன் கருத்தால் ஒரு குடும்பம் ஒன்றுசேரப் போகிறது. அவர் அந்த நிறைவில் இருக்கும்போதே கிருத்திகாவின் போன் வந்தது.

"சார், குட் நியூஸ். உங்க ரெண்டாவது கம்ப்ளைண்ட் அப்ரூவ் ஆயிருச்சு. கேட்காத பொருளை நாங்க ரிட்டர்ன் எடுத்துக்கறோம். வெள்ளிக்கிழமை அப்டேட்ல அந்தப் புத்தக சீனைப் படத்துல இருந்து தூக்கிடறோம்."

"ஐயோ, அதுதாம்மா புடிச்சுதுன்னு எழுதினேன்."

"புடிச்சுதான்னு கேக்க சிஸ்டத்துல இடம் இல்ல சார். நீங்க கேட்டீங்களா, கேக்கலையான்னுதான் இருக்கு. மம்மி புத்தகத்தைக் கும்பிடணும்னு நீங்க கேக்கலையே."

"சரி, நான் மாத்தி எழுதிடறேன். பயந்துட்டேன்னு போட்டுக்கோங்க."

கிருத்திகா வருத்தப்படுவது போனிலேயே தெரிந்தது. "மூணாவது லெவல் போயிருச்சே சார். இனிமே கருத்தை மாத்த கஸ்டமருக்குப் பவர் இல்ல. நேர்ல வந்து, மெஷின் முன்னாடி பயந்தாதான் உண்டு. பயந்துட்டீங்கன்னா ஆர்டர் மொத்தமா முடிஞ்சுது. எதையும் ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்."

எதிரில் உட்கார்ந்திருந்த அப்பாதுரை ஒன்றும் புரியாமல் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கக் கணேசமூர்த்திக்குத் தாங்கவில்லை. நல்லது என்று ஒரு வார்த்தை எழுதப்போய், முன்பின் பழக்கமில்லாத ஒரு மனிதரின் குடும்பத்தில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று இருந்தது. வியாழக்கிழமை லீவு போட்டார்.

'பார்த்தாச்சு' அலுவலகம் ஓசூர் ரோட்டில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் உச்சியில் இருந்தது. வாசலில் அவரைப் படம் எடுத்து, 'பயப்பட வந்தவர்' என்று அச்சிட்ட அட்டையைக் கழுத்தில் மாட்டினார்கள். மேலே போனபோது ஊழியர்கள் வட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள். தினமும் காலையில் அப்படி நிற்பார்களாம். நேற்று எத்தனை பேரைப் பயமுறுத்தினோம், இன்று எத்தனை பேரைப் பயமுறுத்தப் போகிறோம், அதற்கு யார் குறுக்கே நிற்கிறார்கள் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கிருத்திகாவின் முறை வந்தபோது அவள் கணேசமூர்த்தியைக் காட்டினாள். எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். சம்பள உயர்வு மாதம் என்பதால் அங்கே எல்லா முகத்திலும் பயம் இருந்தது. அதை அளக்க யாரும் மெஷின் வைத்திருக்கவில்லை.

மீட்டிங் அறைகளுக்குத் துறைக்கேற்ற பெயர்கள் வைத்திருந்தார்கள். 'சுடுகாடு' ஏற்கெனவே வேறு குழுவுக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால் 'பாழுங்கிண'ற்றில் உட்கார வைத்தார்கள். கிருத்திகா அவர் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினாள். ஆஸ்பத்திரியில் நாடி பார்க்க மாட்டுவார்களே, அதே கிளிப். சுவரில் இருந்த திரையில் ஒரு பச்சைக்கோடு சோம்பலாக ஓடியது.

விளக்கை அணைத்தார்கள். ஒலிபெருக்கியில் ஓநாய் ஊளையிட்டது. கோடு அசையவில்லை. கட்டுப்போட்ட அதே டெலிவரிக்காரர் உள்ளே வந்தார். "நல்லா இருக்கீங்களா சார்? வீட்ல சௌக்கியமா?" என்று விசாரித்துவிட்டுக் கத்தினார். கணேசமூர்த்தி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, பயப்பட வேண்டும், பயப்பட வேண்டும் என்று மனதார முயன்றார். சின்ன வயதில் கடித்த நாயை நினைத்தார். ஆடிட்டரை நினைத்தார். முக்கியதில் கோடு இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது.

"சார், ப்ளீஸ்," என்று கிருத்திகா அவர் காதோரம் சொன்னாள். "இது குளோஸ் ஆகலைன்னா எனக்கு இந்த வருஷம் இன்கிரிமெண்ட் இல்ல."

"நான் என்னம்மா வேணும்னா பண்றேன்? வர மாட்டேங்குதே."

கடைசியில் சீனிவாசராகவன் என்பவர் வந்தார். அவர் தலைமை உணர்வு அதிகாரி. முன்பு அதே நிறுவனத்தில் கீரைப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். கையில் லேப்டாப்பைத் திறந்தபடி எதிரில் உட்கார்ந்தார்.

"மிஸ்டர் கணேசமூர்த்தி, நாங்க படம் எடுக்கறோம்னு வெளியில நினைக்கறாங்க. தப்பு. நாங்க உணர்ச்சியைப் பேக் பண்ணி வாசல்ல வெக்கறோம். தக்காளி அழுகும், கீரை வாடும். பயம் கெட்டுப் போகாது. குளிர்ப்பெட்டி வேண்டாம். இந்தத் தொழிலோட அழகே அதுதான்."

"நீங்க படம் பார்த்தீங்களா சார்?" என்று கணேசமூர்த்தி கேட்டார். அவர் மெய்யாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"கிராஃப் பார்த்தேன். முதல் பாதி சிவப்பு, ரெண்டாம் பாதி பச்சை. நல்ல படம்."

"அந்த மம்மிக்குள்ள ஒருத்தர் இருந்தாரு சார். அவரு பேருகூட போடலை."

சீனிவாசராகவன் பொறுமையாகத் தலையசைத்தார். "உள்ள யாரும் இல்லை. அப்படித்தான் எங்க பாலிசி. ஒரு மனுஷன் துணியைச் சுத்திக்கிட்டு ஓடினான்னா அதுக்குப் பேரு லோ பட்ஜெட். அதையே கம்ப்யூட்டர் ஓடிச்சுன்னு சொன்னா டெக்னாலஜி. முதலீடு பண்றவங்க ஓடற மனுஷனுக்குப் பணம் தர மாட்டாங்க. அதுக்காக நாங்க யாரையும் ஏமாத்தறவங்க இல்லை. அவருக்குச் சேர வேண்டியதைக் கரெக்டா குடுத்துட்டோம். துணிச் செலவுல எழுதியிருக்கோம்."

"அந்த சீன் மட்டும் இருக்கட்டும் சார். ஞாயித்துக்கிழமை வரைக்குமாவது."

"அதெப்படி? கேட்காத பொருளை வாடிக்கையாளர் வீட்ல விட்டு வெக்கறது எங்களுக்கு அசிங்கம். மம்மி இனிமே புத்தகத்தை மிதிச்சுட்டு நேரா போயிடும். உலகத் தரமா இருக்கும்." அவர் லேப்டாப்பைக் கணேசமூர்த்தி பக்கம் திருப்பினார். குகை, கீழே புத்தகம், அதன் பக்கத்தில் குனிந்த மம்மி, எல்லாம் ஒரு சின்னக் கட்டத்துக்குள் நின்றிருந்தன. "வெள்ளிக்கிழமை வரை எதுக்குக் காத்திருக்கணும்? நீங்களே நேர்ல வந்திருக்கீங்க. உங்க கண் முன்னாடியே எடுத்துடறேன். இதுதான் கஸ்டமர் சர்வீஸ்."

அவருடைய ஆள்காட்டி விரல் பொத்தானை நோக்கி இறங்கியது.

கணேசமூர்த்தி அந்த விரலைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை தங்கவயலிலிருந்து ஒரு பெண் வந்து டிவிக்கு முன் உட்காருவாள். அப்பாதுரை 'இதோ வருது, இதோ வருது' என்பார். மம்மி புத்தகத்தை மிதித்துக்கொண்டு நேராகப் போய்விடும். அவள் எழுந்து பையை எடுத்துக்கொள்வாள். "வேண்டாம் சார்," என்று சொல்லக் கணேசமூர்த்தி வாயைத் திறந்தார். குரல் வரவில்லை.

சுவரில் இருந்த கோடு சிவப்பாகி உச்சிக்குத் தாவியது. மெஷின் விடாமல் கூவியது.

கிருத்திகா எழுந்து நின்றுவிட்டாள். "சார், வந்துருச்சு. பயம் வந்துருச்சு."

சீனிவாசராகவனின் விரல் அந்தரத்தில் நின்றது. அவர் திரையைப் பார்த்தார். அப்படி ஒரு கோட்டை அவர் எந்த கிராஃபிலும் பார்த்ததில்லை. லேப்டாப்பை மெதுவாக மூடினார்.

"பார்த்தீங்களா," என்றார். "படம் வேலை செய்யுது."

வெளியில் யாரோ ஒரு வெண்கல மணியை அடித்தார்கள். ஒரு பெரிய ஆர்டர் முடிந்தால் அடிப்பது வழக்கமாம். 'சுடுகா'ட்டில் இருந்தவர்களும் எழுந்து வந்து கைதட்டினார்கள். கிருத்திகா ஓ.டி.பி. கேட்டாள். கணேசமூர்த்தி போனை எடுத்து நம்பரைச் சொன்னார்.

"அந்த சீன்?" என்றார்.

"பொருள் வந்து சேர்ந்தாச்சு, ஆர்டர் முடிஞ்சாச்சு. இனிமே அந்தப் படத்துல கை வெக்க எனக்கே அதிகாரம் இல்லை," என்று சீனிவாசராகவன் கை குலுக்கினார். "எங்க வேலையில நாங்க ரொம்பக் கண்டிப்பு."

வீட்டுக்கு வந்து பார்த்தபோது அவர் கருத்தை அவர்களே மாற்றி வைத்திருந்தார்கள். 'பயந்துவிட்டேன். ஐந்து நட்சத்திரம். இப்படிக்கு, கணேசமூர்த்தி, ஸ்ரீ அங்காளம்மன் டிரான்ஸ்போர்ட், பொம்மனஹள்ளி.' அப்பாதுரையை நல்ல மனிதர் என்று எழுதியிருந்த வரி போய்விட்டது. அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆயுளில் ஒரே ஒரு கருத்து, அதுவும் நிற்கவில்லை. தமயந்தியிடம் சொன்னார்.

"என்கிட்ட சொல்லிட்டீங்க இல்ல, போதும்," என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை அவர், தமயந்தி, தர்ஷினி மூன்று பேரும் லிங்கராஜபுரம் போனார்கள். அப்பாதுரையின் வீட்டில் அந்தச் சந்தே வந்து உட்கார்ந்திருந்தது. ஷாமியானா ஓனர் தன் பெரிய டிவியைத் தூக்கிக்கொண்டு வந்து மாட்டியிருந்தார். சந்திரம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். ஊருக்குக் கொண்டுபோன பை இன்னும் பிரிக்கப்படாமல் மடியில் இருந்தது. அப்பாதுரை அவளைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் நின்றார்.

ஒட்டகம் போனது, வந்தது. லாரி போனது. கடைசியில் குகை வந்தது. மம்மி ஓடியது. புத்தகத்தில் கால் பட்டது. மம்மி நின்று, குனிந்து, தொட்டு, கண்ணில் ஒற்றி, வலது காது மடலைத் தொட்டுக்கொண்டது.

"நிறுத்துங்க," என்றாள் சந்திரம்மா. "திரும்பப் போடுங்க."

போட்டார்கள். மறுபடி போடச் சொன்னாள், மறுபடியும் போட்டார்கள். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மடியிலிருந்த பையை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"இந்தக் காதைத் தொடற வேலை எங்க மாமியார் வூட்டுது," என்றாள். "கம்ப்யூட்டருக்கு எப்டித் தெரியும்?" அப்பாதுரை பக்கம் திரும்பினாள். "ஏன்யா, நீதான்னு சொன்னப்ப இதைச் சொல்லியிருக்கலாம் இல்ல? இத்தன மாசம் என்னைத் தங்கவயல்ல குந்த வெச்சுட்டே."

"இதைத் தெரிஞ்சா செஞ்சேன்? கால் பட்டுச்சு, தொட்டேன்," என்றார் அப்பாதுரை.

சந்திரம்மா போனை எடுத்தாள். "எவன் கம்ப்யூட்டருன்னு சொன்னது? இரு, என் வூட்டுக்காரருதான் மம்மி, தங்கமான மனுஷன்னு எழுதறேன்."

"எழுதாதீங்கம்மா," என்று கணேசமூர்த்தி கிட்டத்தட்டப் பாய்ந்து அவள் கையைத் தடுத்தார். "நல்லதுன்னு மட்டும் எழுதிடாதீங்க. எடுத்துருவாங்க."

"அப்போ என்னதான் எழுதறது?" என்று சந்திலிருந்து நாலைந்து குரல்கள் கேட்டன.

"பயந்துட்டேன்னு எழுதுங்க. வேற எது எழுதினாலும் ஆபத்து."

எல்லோரும் போனை எடுத்தார்கள். ஷாமியானா ஓனர் பயந்தார். எதிர்வீட்டு நிக்கோல் குடும்பத்தோடு பயந்தாள். சிரித்துக்கொண்டே, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டு, அப்பாதுரைக்காக அந்தச் சந்தே பயந்து ஐந்து நட்சத்திரம் போட்டது. தமயந்தியும் பயந்தாள். கணேசமூர்த்தி ஒவ்வொருவர் பின்னாலும் போய், யாராவது உணர்ச்சிவசப்பட்டு உண்மையை எழுதிவிட்டார்களா என்று சரிபார்த்தார்.

சந்திரம்மா மட்டும் வெகு நேரம் யோசித்தாள். பிறகு தர்ஷினியைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்து, சொல்லச் சொல்ல எழுதச் சொன்னாள்.

'கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த மம்மியைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கிறேன். ஐந்து நட்சத்திரம். இப்படிக்கு, சந்திரம்மா அப்பாதுரை, லிங்கராஜபுரம்.'

எல்லோரும் கணேசமூர்த்தியைப் பார்த்தார்கள். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, போகலாம் என்று தலையாட்டினார். தர்ஷினி அனுப்பினாள். உடனே போன் ஒலித்தது.

'உங்கள் பயத்துக்கு நன்றி. பொருள் நல்லபடியாக வந்து சேர்ந்ததில் மகிழ்ச்சி.'